உள்வைக்கும் குளிசைக்குப் பிறகு வெள்ளைபடுதல் மாறினால்: காத்திருப்பதா, இன்னொரு பெட்டி வாங்குவதா, கிளினிக்கிற்குப் போவதா?

"அக்கா, ராவைக்கு வைச்ச குளிசை காலையில சுண்ணாம்புக் கட்டி மாதிரி வருகுது. இது மருந்தா, வருத்தமா? மறுகா ஒரு பெட்டி வாங்கட்டா?"

மட்டக்களப்பில் ஒரு பாமசியின் மேசைக்குப் பின்னால் நான் நின்ற 11 ஆண்டுகளில் இந்தக் கேள்வி கிழமைக்கு ஒருமுறையாவது வந்தது. இவ்வளவு தெளிவாகக் கேட்டவர்கள் குறைவு. பலர் வெற்றுப் பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கைக்குள் மடித்து வைத்திருப்பார்கள். ஆண் ஊழியர் உள்ளே போகும்வரை ஒரு காட் பனடோலின் விலையை விசாரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் தலை மறைந்ததும் அட்டை மேசைமேல் வரும், கேள்வி வராது. அதை நான்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்த அட்டையோடு நிற்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் உள்ளன. தொடங்கிய மருந்தை முடித்துவிட்டுச் சில நாள் பார்க்கலாம். அதே குளிசையையோ அதைவிட "பவர்" கூடியதையோ இன்னொரு பெட்டி வாங்கலாம். உள்வைப்பதை விட்டு வாயால் விழுங்கும் குளிசைக்கு மாறலாம். அல்லது ஒரு வைத்தியரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளலாம். நான்கும் யாரோ ஒருவருக்குச் சரியான வழிகள்தாம். ஆனால் அதிகம் பேர் பிடிப்பது இரண்டாவது வழியை. அதிகம் பேருக்குப் பிழையாகிப்போவதும் அதுவே.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் பார்க்க வேண்டியது மருந்தின் பெயர். "வெள்ளைக்கு வைக்கிற குளிசை" என்று நாம் ஒரே பேச்சில் சொல்லிவிடுவதற்குள் பங்கசுக்கானது, பற்றீரியாவுக்கானது, இரண்டுக்குமானது, கர்ப்பத்தைத் தாங்குவதற்கான ஓமோன் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மருந்துகள் அடங்கியிருக்கின்றன. அடுத்தது நாட்கணக்கு: கடைசிக் குளிசை வைத்து இன்று எத்தனையாவது நாள் என்பது தெரியாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. மூன்றாவது மணம், கடி (அரிப்பு), எரிவு, வலி ஆகியவை. நிறத்தை நான் வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுகிறேன், ஏனெனில் நிறத்தை மருந்தே மாற்றிவிடும். ஆனால் மீன் வெடுக்கை எந்தக் குளிசையும் உண்டாக்குவதில்லை. நான்காவது அவரவர் உடல்நிலை: கர்ப்பமா, பாலூட்டுகிறாரா, மாதவிடாய் நின்றுவிட்டதா, சீனி வருத்தம் உண்டா, லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டிருக்கிறாரா. கடைசியாகச் செலவு. அதில் மருந்தின் விலை சிறிய பங்குதான். பஸ், இழந்த நாள்கூலி, வீட்டில் சொல்ல வேண்டிய காரணம், தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்ற அச்சம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

மருந்தின் பெயரிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அதை ஓர் அட்டவணையில் தருகிறேன்.

| உள்ளே வைத்த மருந்து | எதற்காக | வெளியே வருவது | எவ்வளவு காலம் |
|---|---|---|---|
| குளோட்ரிமசோல் (500 மி.கி. ஒரே இரவு, 200 மி.கி. 3 இரவு, 100 மி.கி. 6 இரவு) | பங்கசு | வெள்ளை மாவு, சுண்ணாம்புத் துகள், சில வேளை உடைந்த குளிசைத் துண்டு | கடைசி இரவுக்குப் பின் 2–3 நாள் |
| நிஸ்டட்டின் | பங்கசு | மஞ்சள் சாயல் கொண்ட கசிவு. துணியில் கறை | வைக்கும் நாட்களிலும் அடுத்த ஓரிரு நாளும் |
| கிளின்டமைசினும் குளோட்ரிமசோலும் சேர்ந்த மென்குளிசை | பற்றீரியா, பங்கசு | எண்ணெய்ப் பசையோடு வெண்ணிறக் கசிவு | வைக்கும் நாட்களிலும் அடுத்த ஓரிரு நாளும் |
| பொவிடோன் அயடின் | கிருமிநீக்கம் | மண்ணிறக் கசிவு, மருந்து மணம் | வைக்கும் நாட்களிலும் அடுத்த ஓரிரு நாளும் |
| புரொஜெஸ்டரோன் (200, 400 மி.கி.) | கர்ப்பத்தைத் தாங்க | மெழுகு அல்லது எண்ணெய் போன்ற வெண்கசிவு | வைக்கும் காலம் முழுவதும் |

மருந்து முழுவதும் உடலுக்குள் ஊறிவிடும் என்ற எண்ணம்தான் இந்தக் குழப்பத்தின் தொடக்கம். குளோட்ரிமசோல் யோனியினுள் வைக்கப்படும்போது அதில் 3 முதல் 10 சதவீதம் வரையே உடலில் உறிஞ்சப்படுகிறது. மீதி யோனிச் சுவரின்மேல் நின்று வேலை செய்துவிட்டு வெளியே வந்தாக வேண்டும். அது அழுத்திச் செய்த மாவுக் குளிசை. கரைவதற்கு ஈரம் வேண்டும். ஆகவே மாதவிடாய் நின்றவர்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், உள்ளே ஈரம் குறைவாயிருப்பதால், குளிசை முழுதாகக் கரையாமல் துண்டு துண்டாக விழுவது சாதாரணம். "மருந்து பிடிக்கவில்லை" என்று அவர்கள் வருந்துவார்கள். கரையாத துண்டுகள் மீண்டும் மீண்டும் வந்தால் குளிசைக்குப் பதிலாக அதே மருந்தின் கிரீம் வடிவத்தை வைத்தியரிடம் கேட்கலாம்.

கொழுப்பில் செய்யப்பட்ட குளிசைகளின் போக்கு வேறு. அவை உடற்சூட்டில் உருகுவதற்கென்றே செய்யப்பட்டவை. உடற்சூட்டில் உருகுவது பங்குனி வெயிலில் வெல்லாவெளியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு வந்து திரும்பும் பஸ்ஸில் கைப்பைக்குள்ளேயே உருகிவிடும் என்பதை மருந்து கொடுப்பவர்கள் சொல்வதில்லை. உருகினால் உறையைப் பிரிக்காமல் குளிர்நீருக்குள் சிறிது நேரம் வைத்து இறுகிய பின் பயன்படுத்தலாம்; மெழுகுத்தாளைப் பிரித்து வழித்தெடுக்க முயன்றால் பாதி மருந்து விரலோடு போய்விடும்.

## வழி 1: மருந்தை முடித்துவிட்டுக் காத்திருத்தல்

வருவது அட்டவணையில் உள்ளதைப் போலவே இருக்கிறது, மணம் இல்லை, கடி நாளுக்கு நாள் குறைகிறது, வலியோ காய்ச்சலோ இல்லை என்றால் இதுவே முதல் வழி. பங்கசுக்கான குளிசை வைத்தவருக்குக் கடி 3 நாளுக்குள் தணியத் தொடங்க வேண்டும். 7 நாளுக்குள் தெளிந்துவிட வேண்டும். 7ஆம் நாளும் கடி இருந்தால் காத்திருந்த காலம் போதும்.

முதல் இரவில் இலேசான எரிவு வருவதுண்டு. ஏற்கெனவே சிவந்து புண்ணாயிருந்த தோலில் எந்த மருந்து பட்டாலும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு இரவும் எரிவு கூடிக்கொண்டே போய், வெளியுதடுகள் வீங்கி, தோல் தடித்தால் அது மருந்தே ஒத்துக்கொள்ளாத நிலை. அப்போது தொடர்ந்து வைக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைக் கண்டறிய எளிய கேள்வி ஒன்றுண்டு: நேற்றையதைவிட இன்று நன்றாயிருக்கிறதா, மோசமா?

இந்த வழிக்குப் பணச்செலவு ஏதுமில்லை என்றாலும் மறைவான செலவுகள் உண்டு. கடி நின்றதும் மீதி இரவுகளை விட்டுவிடுவது அவற்றில் முதன்மையானது. 6 இரவுக் குளிசையில் 3 வைத்துவிட்டு மீதியை "பிறகு உதவும்" என்று அலுமாரியில் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது, மாதவிடாய் நாளைக் கணக்கிடாமல் தொடங்குவது. இரத்தப்போக்கு மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், இன்னும் இரண்டு நாளில் மாதவிடாய் வரவிருப்பவர் 6 இரவுக் குளிசையைத் தொடங்குவதில் பயனில்லை. மூன்றாவது, குளோட்ரிமசோல் இறப்பர் ஆணுறையைப் பலவீனப்படுத்தும். அதை நம்பிக் குடும்பக் கட்டுப்பாடு செய்பவர்கள் மருந்து வைக்கும் நாட்களிலும் அதன்பின் சில நாட்களிலும் உறவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சகோதரிகள் பலர் இன்னொரு சிக்கலைச் சொல்வார்கள். கசிவு வந்துகொண்டேயிருக்கும்போது வுழூவும் (தொழுகைக்கு முன் செய்யும் அங்கசுத்தி) தொழுகையும் என்னாவது என்ற தயக்கத்தில் மருந்தை இடையில் நிறுத்திவிடுகிறார்கள். மார்க்கச் சட்டத்தை அறிந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. மருந்தின் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடியது, 6 இரவு வைப்பதற்குப் பதிலாக 500 மி.கி. ஒரே இரவுக் குளிசை பொருந்துமா என்று சீட்டு எழுதும்போதே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது. சாதாரணப் பங்கசுத் தொற்றுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன, கசியும் நாட்கள் குறைகின்றன. நோன்பு காலத்திலும் இரவில் படுக்கும்போது வைப்பதே முறை என்பதால் நேரச் சிக்கல் எழுவதில்லை.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பருத்தி உள்ளாடை, தேவையானால் மெல்லிய மாதவிடாய்ப் பட்டி, வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவுதல். உள்ளே விரல்விட்டு மாவைக் கழுவி எடுக்க முயலக் கூடாது. டெட்டோல், படிகாரநீர், வினாகிரி, வேப்பிலை அவித்த நீர் என்று உள்ளே விட்டுக் கழுவுவதை ஐந்தாவது வழியாக நான் கணக்கெடுக்கவே இல்லை. அது மருந்தை வெளியேற்றுகிறது, காவல் நிற்கும் நல்ல பற்றீரியாக்களையும் வெளியேற்றுகிறது.

## வழி 2: இன்னொரு பெட்டி வாங்குதல்

இதன் கவர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அதை விற்றவள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. யாரும் படுக்கச் சொல்வதில்லை, யாரும் கேள்வி கேட்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் குளோட்ரிமசோல் பெட்டியின் அட்டையோடு வந்தார். "வைச்சன், குறையல்ல, இப்ப தண்ணி மாதிரி வருகுது" என்றார். நான் கேட்டிருக்க வேண்டியது மணத்தைப் பற்றி. கேட்கவில்லை, மேசையில் நான்கு பேர் நின்றார்கள். அதே குளிசையை மறுபடி கொடுத்தேன். மூன்றாம் கிழமை அவர் மூன்றாவது முறை வந்தபோதுதான், கூச்சத்தோடு, மீன் வெடுக்கு அடிப்பதாகவும் அதனால் கணவர் பக்கத்தில் படுக்கவே வெட்கமாக இருப்பதாகவும் சொன்னார். அவருக்கு இருந்தது பங்கசு அல்ல. நான் கொடுத்த இரண்டாவது பெட்டி அவருடைய மூன்று கிழமையைத் தின்றுவிட்டது.

யோனியின் இயல்பான நிலை சற்றுப் புளிப்பானது. அமிலத்தன்மை அளவில் 3.8 முதல் 4.5 வரை இருக்கும். தயிரைப் புளிக்கவைக்கும் பற்றீரியாக்களின் உறவினமான லக்டோபசில்லசு அந்தப் புளிப்பைக் காக்கிறது. அவை குறைந்து வேறு பற்றீரியாக்கள் பெருகும்போது மெல்லிய, சாம்பல் படிந்த வெண்ணிறக் கசிவும் மீன் வெடுக்கும் வரும். கடி பெரிதாக இராது. பங்கசு வேறு மாதிரி: திரைந்த தயிர் போன்ற கட்டி, கடுமையான கடி, சொல்லும்படியான மணமின்மை. ட்ரைக்கோமோனாசு என்ற ஒற்றைக்கலக் கிருமியால் வருவது பெரும்பாலும் மஞ்சள் பச்சையாக, நுரையோடு இருக்கும். அது உடலுறவால் தொற்றுவது, கணவருக்கும் சேர்த்து வாய்வழி மருந்து கொடுக்காமல் தீராது. மூன்றும் "வெள்ளை" என்ற ஒரே சொல்லுக்குள் வருகின்றன. முதலாவதுக்குக் குளோட்ரிமசோல் எத்தனை பெட்டி வைத்தாலும் பயனில்லை, மூன்றாவதுக்கும் அப்படியே.

"எனக்குத் தெரியும், இது பங்கசுதான்" என்ற உறுதியை எவ்வளவு நம்பலாம்? 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்குப் பங்கசு என்று தாமே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மட்டுமே பங்கசுத் தொற்று மாத்திரம் இருந்தது. ஏனையோரில் சிலருக்குப் பற்றீரியா, சிலருக்குக் கலப்புத் தொற்று. ஏழில் ஒருவருக்கு எந்த நோயுமே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொதுவான கூட்டுக் குளிசையை வாங்கிவிட்டால் என்ன என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்பார்கள். கிளின்டமைசின், மெட்ரோனிடசோல் போன்றவை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், பற்றீரியாவைக் கொல்லும் மருந்து காவல் பற்றீரியாக்களையும் தொடும். புளிப்புக் குறைந்த இடத்தில் பங்கசு தலைதூக்கும். மீன் வெடுக்கு மறைந்து, அதன் இடத்தில் கட்டி வெள்ளையும் கடியும் வந்தால் "வருத்தம் திரும்பிவிட்டது" என்று நினைக்கிறோம். திரும்பியது பழையதல்ல, புதியது. குளிசைக்குப் பிறகு வெள்ளைபடுதல் *மாறியது* என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினரின் கதை இதுதான்.

இரண்டாவது பெட்டியின் இன்னொரு மறைவான செலவு, பிறகு பரிசோதனைக்குப் போகும்போது தெரியவரும். உள்ளே மருந்து மாவு படிந்திருந்தால் எடுத்த மாதிரியை நுணுக்குக்காட்டியில் தெளிவாகப் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அந்த இன்னொரு நாளுக்கும் பஸ் காசு வேண்டும்.

இந்த வழி சரியாக அமையும் இடமும் உண்டு, ஆனால் ஒடுக்கமானது. முன்பு ஒருமுறையாவது வைத்தியர் பரிசோதித்துப் பங்கசு என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது வந்திருப்பது அச்சொட்டாக அதே போல இருக்க வேண்டும். போன மருந்து வைத்து இரண்டு மாதத்துக்கு மேல் கடந்திருக்க வேண்டும். 6 மாதத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வந்திருக்கக் கூடாது. கர்ப்பம் இருக்கக் கூடாது. வயது 16க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தினால் அதே குளோட்ரிமசோலை வாங்குவதில் தவறில்லை. ஒரு பெட்டி முடிந்த அடுத்த நாளே இரண்டாவதை வாங்க வருபவர் இதற்குள் அடங்க மாட்டார்.

## வழி 3: விழுங்கும் குளிசைக்கு மாறுதல்

பங்கசுக்கு 150 மி.கி. புளுகோனசோல் ஒரே தடவை விழுங்குவது, உள்வைக்கும் குளிசைக்கு ஏறத்தாழச் சமமான பலனைத் தருகிறது. இதன் பெரிய நன்மை எதுவும் கசியாது என்பதுதான்: உள்ளாடையில் தெரிவது உடலிலிருந்து வருவதே, மருந்து மாவல்ல. உள்வைக்கத் தயங்கும் திருமணமாகாத பெண்களுக்கும், விரல் மூட்டு வருத்தத்தால் வைக்க முடியாத முதியவர்களுக்கும் இது பொருந்தும். உடனே தணியுமென்று எதிர்பார்க்கக் கூடாது, இதற்கும் இரண்டு மூன்று நாள் செல்லும்.

செலவுப் பக்கத்தில் முதலில் நிற்பது கர்ப்பம். கர்ப்பகாலத்தில் புளுகோனசோல் தவிர்க்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கு உள்வைக்கும் குளோட்ரிமசோலே, அதுவும் வைத்தியரின் மேற்பார்வையில், ஏறத்தாழ ஒரு கிழமை கொடுக்கப்படுகிறது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் வேறு நிரந்தர மருந்துகள் எடுப்பவர்களும் சொல்லாமல் விழுங்கக் கூடாது.

பற்றீரியாவுக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. நாளுக்கு இரு முறை, 7 நாள் விழுங்குவது வழக்கம். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் வரும், சிறுநீர் கருக்கலாம், மது கூடாது. தீர்ந்த பிறகும் ஓராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தத் தொற்று மீண்டும் வருகிறது. எனவே திரும்பி வருவது எப்போதும் மருந்தின் குற்றமுமல்ல, அவரவர் சுத்தத்தின் குற்றமுமல்ல.

எது நோய் என்று தெரியாமல் வழியை மட்டும் மாற்றுவது, வழி 2இன் அதே தவறை வாயால் செய்வதுதான்.

## வழி 4: பரிசோதித்துக்கொள்ளுதல்

இது ஒரே வழியல்ல. நம் மாவட்டங்களில் இதற்கு நான்கு வாசல்கள் உள்ளன. எது யாருக்கு என்பதில்தான் தயக்கம்.

சுகவனிதையர் கிளினிக். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நடத்தப்படுவது, கட்டணமில்லாதது. நாடு முழுவதும் 1996 முதல் நடைபெறுகிறது. 35 வயதையும் 45 வயதையும் அடைந்த பெண்களை முதன்மையாக அழைத்தாலும் அதற்காக மட்டும் போக வேண்டும் என்றில்லை. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் ஒரே அமர்வில் பார்க்கிறார்கள். அடிக்கடி பங்கசு வரும் பெண்ணுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை, ஏனென்றால் திரும்பத் திரும்ப வரும் பங்கசுக்குப் பின்னால் கண்டறியப்படாத சீனி வருத்தம் இருக்கலாம். மறைவான செலவு, கிளினிக் எல்லா நாளும் நடப்பதில்லை என்பது. உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்க வேண்டும். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர் என்பது சிலருக்கு வசதி, சிலருக்கு அதுவே தடை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மிஸ்ஸிடம் இதைச் சொல்வது எளிதல்ல.

அரச வைத்தியசாலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனையின் இரண்டு ஆதார வைத்தியசாலைகள், களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எனப் பட்டியல் நீளம்தான். ஆயினும் வாகரையிலிருந்தோ பொத்துவிலின் ஒதுக்குப்புறத்திலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். அறுவடைக் காலமென்றால் அந்த நாளின் கூலியும் போய்விடும். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் பரிசோதனையில்லாமலே இன்னொரு உள்வைக்கும் குளிசை எழுதிக் கையில் தரப்படுவதும் நடக்கிறது. எனக்கே ஒருமுறை அப்படி நடந்தது. அப்போது செய்ய வேண்டியதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்: "இது ஏற்கெனவே வைச்சு முடிச்சது, குறையல்ல, பெண் நோயியல் கிளினிக்குக்கு எழுதித் தாங்க" என்று நேராகச் சொல்ல வேண்டும். வலி, காய்ச்சல், இரத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வாசலே பொருத்தம்.

பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம். பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் வெள்ளைபடுதல் என்ற இந்த ஒரு விடயத்தில், மாதிரியை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து மூன்றில் எது என்று பிரித்தறிவது அங்கே அன்றாட வேலை. கட்டணமில்லை, இரகசியம் காக்கப்படும். மஞ்சள் பச்சைக் கசிவு உள்ளவர்களும், கணவருக்கும் எரிவோ கசிவோ இருப்பவர்களும், வெளிநாட்டில் வேலைசெய்துவிட்டு வந்த துணையோடு மீண்டும் வாழத் தொடங்கிய பின் மாற்றத்தைக் கண்டவர்களும் நேரே இங்கே போவதே சுருக்கம். இதற்கான கூச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அது உண்மையான செலவு. ஆனால் ஒருமுறை கொடுத்து முடிகிற செலவு.

தனியார் சனலிங், அதாவது கட்டணம் செலுத்தி வைத்தியரைச் சந்திப்பது. பணமுள்ளவருக்கு நேரமும் மறைவும் கிடைக்கும்; பெண் வைத்தியரைத் தெரிவுசெய்யவும் முடியும். ஆய்வுகூடப் பரிசோதனைக்குத் தனிக்கட்டணம் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வாசலில் நுழைந்தாலும், உள்பரிசோதனை உங்கள் சம்மதத்தோடு மட்டுமே நடக்க வேண்டும். பெண் தாதி ஒருவர் உடனிருக்கக் கேட்கலாம். திருமணமாகாதவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், கருவி உட்செலுத்தாமல் மெல்லிய பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க முடியும்.

## தெரிவுக்கு இடமில்லாத நிலைகள்

கீழே சொல்பவை ஏதாவது இருந்தால் முதல் மூன்று வழிகளையும் மறந்துவிட வேண்டும். காய்ச்சலோடு அடிவயிற்று வலி; அது தொற்று கருப்பைக்கும் குழாய்களுக்கும் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம், லூப் போட்டு முதல் சில கிழமைக்குள் என்றால் இன்னும் விழிப்பு வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தவருக்கு இரத்தம் அல்லது இரத்தம் கலந்த மண்ணிறக் கசிவு. பொவிடோன் அயடின் வைத்ததால் வந்த நிறம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் காட்ட வேண்டும். உறவின் பின் இரத்தம். அழுகல் நாற்றம், உள்ளே மறந்துபோன பஞ்சோ வேறு பொருளோ இருக்கலாம்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புரொஜெஸ்டரோன் வைப்பவர் மெழுகுக் கசிவைக் கண்டு பயந்து தாமாக நிறுத்தினால், எதற்காக அந்த மருந்து எழுதப்பட்டதோ அந்த ஆபத்துத் திறந்துவிடும். நிறுத்துவதை எழுதியவரே தீர்மானிக்க வேண்டும். ஆனால் கசிவு மெழுகாக இல்லாமல் தெளிந்த நீராக, பட்டி நனையும்படி, நிற்காமல் வந்தால் அது மருந்தே அல்ல, பன்னீர்க்குடம் கசிவதாக இருக்கலாம். இரத்தம் தெரிந்தாலும் அப்படியே. இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

## போகும்போது

பரிசோதனைக்குப் போவதென்று முடிவெடுத்தால், குறைந்தது அதற்கு முந்தைய இரண்டு இரவுகள் உள்ளே எதுவும் வைக்காதிருப்பது நல்லது. புரொஜெஸ்டரோன் மட்டும் விலக்கு. அன்று காலையில் உள்ளே கழுவ வேண்டாம். கசிந்து அசிங்கமாக இருக்கிறதே என்று நன்றாகத் துப்புரவு செய்துகொண்டு வருபவர்களிடம் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சியிருப்பதில்லை.

வெற்றுப் பெட்டியை வீசிவிடாதீர்கள். "வெள்ளைக் குளிசை, நீளமானது" என்ற வருணனையிலிருந்து எந்த வைத்தியராலும் மருந்தைக் கண்டுபிடிக்க முடியாது. அட்டையில் பெயரும் மில்லிகிராமும் இருக்கின்றன. எந்த நாளில் தொடங்கினீர்கள், எத்தனை இரவு வைத்தீர்கள், கடி எந்த நாளில் குறைந்தது அல்லது குறையவில்லை, மணம் எப்போது வந்தது, கடைசி மாதவிடாய் எப்போது என்ற ஐந்தும் தெரிந்தால் கேள்வி கேட்கும் நேரம் பாதியாகும். வாயால் சொல்லக் கூசுபவர் எழுதி நீட்டலாம். அதற்குத் தனித்தாள் தேடத் தேவையில்லை, பெட்டியைப் பிரித்தால் அட்டையின் உட்புறம் வெறுமையாகத்தான் இருக்கும்.